வெளியே இருந்த தாழ்ப்பாள்

பூட்டுக்காரருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் சிட்டு. டவுன் சின்ட்ரோம் என்று டாக்டர் சொன்னதும் பெரியப்பா வகையறா, சித்தி வகையறா எல்லாம் வந்து ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஏழு வயதில் பள்ளிக்கூடம் தேடியது இவர்கள் இரண்டு பேர்.

தெருமுனைப் பள்ளியில் பெரிய டீச்சர் முடியாது என்று சொல்லவில்லை. “சேத்துக்கலாம். ஆனா அம்மா பக்கத்துலயே உக்காரணும். தினமும், மணி அடிக்கிற வரைக்கும்” என்றார். அம்மாவுக்கோ ஆஸ்பத்திரியில் படுக்கைத்துணி வெளுக்கும் வேலை. வீட்டில் மாதாமாதம் வருவது அந்தச் சம்பளம் ஒன்றுதான்.

மிஞ்சியது, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே நடத்துகிற பள்ளி. இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அங்கே டீச்சருக்குத் தங்கமான பேச்சு. சிட்டுவின் கன்னத்தைத் தடவி, ஃபாரத்தைக் கொடுத்தார்.

“அண்ணே, பூட்டு வேலைதானாமே? அந்த வகுப்புக் கதவுத் தாழ்ப்பாள் மக்கர் பண்ணுது, கொஞ்சம் பாருங்களேன்” என்றாள் ஆயா.

கையில் கருவிப் பை இருந்தது. எண்ணெய் விட்டு, வளைந்த கம்பியைத் தட்டி நிமிர்த்தி, இழுத்துப் பார்த்தார். வெண்ணெயாய் ஓடியது. அப்புறம்தான் உறைத்தது, தாம் நிற்பது வராந்தாவில். கதவுக்கு உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். கைபட்டுக் கைபட்டுத் தாழ்ப்பாள் தேய்ந்திருந்தது.

“இதை எப்பம்மா போடுவீங்க?”

“ரெண்டு பேர்தானே இருக்கோம். நாங்க சாப்பிடற நேரம், அப்படி இப்படிப் போற நேரம்... அழுதுட்டு அடங்கிடும்ண்ணே.”

பஸ் ஸ்டாப்பில் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். “அந்தத் தாழ்ப்பாள்...”

“போனதுமே பார்த்தேன். நீங்க எண்ணெய் விட்டதையும் பார்த்தேன்.”

“பார்த்துட்டுமா ஃபாரம் வாங்கின?”

“வேற எங்க போறது? நான் வேலையை விட்டுட்டு பெஞ்சுல உக்காந்தா, அடுப்புல உங்க பூட்டையா வேகவைக்கிறது?”

பஸ் வந்ததும் சிட்டுவின் கையைப் பிடித்து ஏற்றினார்.

திங்கட்கிழமை தெருமுனைப் பள்ளியில் சிட்டுவோடு போய் நின்றது அவர்தான்.

“அம்மாவைத்தானே வரச் சொன்னேன்?” என்றார் பெரிய டீச்சர்.

“சம்பளக்காரி அவ, டீச்சர். கடையில ஈ ஓட்டறவன் நான்தானே.”

கடைக்கு அன்று போட்ட பூட்டு, அப்புறம் திறக்கவே இல்லை. ஆறே மாதத்தில் அந்தத் தெருவுக்கு வேறு பூட்டுக்காரன் வந்துவிட்டான். பிள்ளைகள் இவருக்கு ‘பெரிய பையன்’ என்று பேர் வைத்தார்கள். சிட்டு இரண்டாம் வகுப்புக்கு ஏறவில்லை, இவரும் ஏறவில்லை. முழங்காலை மடக்க இடமில்லாத அந்தப் பெஞ்சில் மூன்றாவது வருஷமும் உட்கார்ந்தார்.