மூட்டுவலி டாக்டரின் மொக்கை ஜோக்

மயிலாப்பூரில் நான் காட்டிய மூட்டுவலி டாக்டர் எல்லோரிடமும் மொக்கை ஜோக் சொல்வார். கால் எலும்பு திரும்பத் திரும்ப விரிசல் விடுகிற எனக்கு எரிச்சலாக இருக்கும். அன்றைக்கு என்னவோ சிரித்துவிட்டேன், முன்பல் விழுந்த இடத்தைக் கையால் மறைக்க மறந்து.

அவர் குனிந்து பார்த்தார். “பல் எப்பம்மா விழுந்தது?”

“போன வருஷம் சார். பால்பல்லே மூணு வயசுல விழுந்துடுச்சுன்னு அம்மா சொல்வாங்க.”

“வேரோடவா?”

“ஆமா சார், நீளமா.”

நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்து எழுந்துவிட்டார். “அப்போ இது மூட்டுவாதமே இல்லம்மா! பல்லும் எலும்பும் கெட்டிப்படாத பரம்பரை நோயா இருக்கும். ரொம்ப அபூர்வம்! உடனே டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க!”

கொடுத்தேன், ரிசல்ட்டில் அதே நோய்தான். இத்தனை வருஷம் வாதமென்று விழுங்கிய மாத்திரைகள் நின்றன. என் நோய்க்குச் சரியான பெயர் கிடைத்த சந்தோஷத்தில் நானும் அவரைப் போலவே மனசுக்குள் குதித்தேன்.

அந்த ஜோக்கெல்லாம் எங்களைச் சிரிக்க வைக்கவா, வாயைத் திறக்க வைக்கவா என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.