பஞ்சு சார் நிறுத்திய மாத்திரை

பஞ்சு சார் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். நோய் எதிர்ப்புப் பாடம் வந்தால் அவருக்குச் சாமி வந்துவிடும். வெள்ளை அணுக்கள் படைவீரர்கள், கிருமி பகைவன். மேசையைக் குத்திக் குத்திப் போரை நடத்திக் காட்டுவார். வீட்டில் கரப்பான் பறந்தால் மட்டும் மனைவி நாகலக்ஷ்மியைக் கூப்பிடுவார்.

1994இல் நாகலக்ஷ்மிக்கு விடாத தலைவலி, காய்ச்சல், வாந்தி. மூளை உறையில் காசநோய் என்று கண்டுபிடித்தவர் பாளையங்கோட்டை டாக்டர் எட்வின். புன்னக்காயல்காரர், சாரின் பழைய மாணவர். காசநோய் மாத்திரைகளோடு ஸ்டீராய்டும் எழுதிக் கொடுத்தார்.

"இதை மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க, சார். நான்தான் பைய பையக் குறைப்பேன்."

சார் தலையை ஆட்டினார். ஆட்டியது தலை மட்டும்தான். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் என்பது அவருக்குத் தெரியும். பகைவன் உள்ளே இருக்கும்போது சொந்தப் படையைக் கட்டிப்போடுவானேன்? தவிர, மருந்தை எழுதியவன் பரீட்சையில் ஈரலையும் மண்ணீரலையும் இடம் மாற்றி வரைந்தவன். மாணவன் எவ்வளவு உயர்ந்தாலும் ஆசிரியர் மனத்தில் அவனுடைய பழைய விடைத்தாள் அப்படியே கிடக்கிறது.

தலைவலி தீர்ந்து நாகலக்ஷ்மி நடமாடத் தொடங்கினாள். மாத்திரையால் முகம் வேறு உப்பியிருந்தது. மாத்திரையை நிறுத்த சாருக்கு இரண்டும் தோதாகிவிட்டன.

"ஏன்னா, அந்தக் குட்டி வெள்ளை மாத்திரையைக் காணோமே?"

"அது இனிமே வேண்டாம்."

"எட்வின் சொன்னானா?"

"எட்வினுக்கே நான்தானேடி சொல்லிக் கொடுத்தேன்!"

அடுத்த வாரம் ஒரு காலையில் காப்பி டம்ளர் அவள் வலக்கையிலிருந்து நழுவியது. என்ன ஆச்சு என்று கேட்டார். வாய் அசைந்தது; சொல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எட்வின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இதுல கிருமியைவிட நம்ம அணுக்கள் செய்யுத சேட்டைதான் சாஸ்தி, சார். சண்டைக்கு வாங்கன்னு ஒண்ணுக்கொண்ணு ஆள் விட்டுக்கிட்டே இருக்கும். சைட்டோகைன்னு சொல்லுதாங்க, அந்தப் புரதங்கதான் ஆள். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ச் சுவருக்கும் அது சேதி சொல்லிருது. சாதாரணமா அந்தச் சுவர் யாரையும் உள்ள விடாது. இப்ப கதவைத் திறந்துபோடுது. கூட்டம் ஏறுது, சுவர் வீங்குது, குழாய் அடைச்சிருது. இந்தக் கூச்சலை அடக்கத்தான் ஸ்டீராய்டு. அதைக் கொடுத்தும் இப்படின்னா..." அவர் படத்தைக் கீழே வைத்தார். "தப்பு என்மேலதான், சார். கிருமி நான் கொடுத்த மருந்துக்கு மசியலை போலிருக்கு. வேற ஊசி போடணும். காது கேக்காமப் போனாலும் போகும். வேற வழி தெரியலை."

பஞ்சு சார் வாய் திறக்காமல் இருந்தால் போதும். பழி எட்வினுக்குப் போகும், ஊசி நாகலக்ஷ்மிக்குப் போகும், அவருக்கு எதுவும் வராது. அவர் வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோது நர்ஸ் ஊசி மருந்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"எட்வின், அது வேண்டாம்டா. ஸ்டீராய்டை நான் கொடுக்கலை."

"எப்பத்துலேருந்து?"

"போன வாரமே நிறுத்திட்டேன். படையைக் கட்டிப்போடற மாதிரி இருக்கேன்னு..."

 எட்வின் நர்ஸிடம் ஊசியை மாற்றச் சொல்லி, ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சார் அன்று கொஞ்சமாவது தூங்கியிருப்பார்.

நாகலக்ஷ்மி பிழைத்தாள். பேச்சு துண்டு துண்டாகத் திரும்பியது, வலக்கை திரும்பவில்லை. சார் சமையல் கற்றார், புடவை மடிக்கக் கற்றார், தலை பின்னக் கற்றார். அதனால் ஊரில் அவருக்கு ஏகப்பட்ட நல்ல பெயர். பக்கத்து வீட்டு வைத்தியலிங்கம் கும்பிடவே தொடங்கிவிட்டார்.

"நான்தான் வே அவளை இப்படி ஆக்கினேன்," என்றார் சார்.

"பாத்தீரா, இவ்வளவு செஞ்சிட்டும் என்ன அடக்கம்!"

தெருவில் யாரும் நம்பவில்லை. நம்பக்கூடிய ஒருத்தியிடம் மட்டும் அவர் சொல்லாமல் இருந்தார். ஒருநாள் தலை பின்னிக்கொண்டே, அவள் முகம் தெரியாத வசதியில், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

நாகலக்ஷ்மி சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"தெரியும். தப்பு... பண்ணினேள். அதுக்காக... இவ்வளவு... இறுக்கியா பின்னுவா?"

சார் ஜடையை அவிழ்த்தார். அவசரத்தில் பின்னலின் மூன்று கால்களும் சிக்கிக்கொண்டன. அவள் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.