மஞ்சள் பைகள்

கரடியூர் வியூ பாயிண்ட் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். சுற்றுலா வருகிறவர்கள் மீதம் வைக்கும் சோற்றை மஞ்சள் பிளாஸ்டிக் பையில் முடிந்து, கடைக்குப் பின்னால் உள்ள சரிவில் வீசிவிடுவேன். குப்பை வண்டி வரும்வரை வைத்திருக்கச் சோம்பல்.

போன மழைக்காலத்தில், சரிவுக்குக் கீழே குடியிருக்கும் பாப்பாத்தி அக்காவின் சினைமாடு வயிறு உப்பிக் கிடந்தது. சேதி கேட்டு ஓடினேன். மாட்டு டாக்டர் வருவதற்குள் செத்துவிட்டது, கன்றும் பிழைக்கவில்லை. காரணம் பார்க்க வயிற்றை அறுத்த டாக்டர், கத்தை கத்தையாகப் பைகளை இழுத்துப் போட்டார். எல்லாம் மஞ்சள். சிலவற்றில் நான் போட்ட முடிச்சுகூட அவிழவில்லை.

“நேத்தே தீனி எடுக்கலீங்க. கன்னு போடற நேரம்னு உட்டுட்டனுங்க. என்ற தப்புதானுங்க,” என்று அக்கா டாக்டரிடம் அழுதார்.

என்னால் தாங்க முடியவில்லை. “அக்கா, அதெல்லாம் நான் வீசின பைங்க,” என்றேன்.

அவர் திட்டவில்லை. மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தபடி, “சோத்து வாசனைக்குத்தான் போயிருக்கும் கண்ணு,” என்றார்.

சரிவை நானே சுத்தம் செய்துவிட்டேன். அக்கா இன்றும் என்னோடு பேசுகிறார். மன்னித்துவிட்டாரா என்று கேட்கத்தான் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.