சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்குப் பூஜ்யம்

பொள்ளாச்சி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆறாத மனத்தோடு, ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவர்களின் இணையக் குழுவுக்கு எழுதுகிறேன்.

அடுத்த வாரம் எனக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. தேறினால்தான் பம்ப் கம்பெனி என்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும். டிலே, பிரேக்டவுன், இன்கன்வீனியன்ஸ் எல்லாம் டிக்‌ஷனரி பார்த்து நானே படித்தவை.

இன்று கோயமுத்தூர் கோச்சிங் சென்டரில் ஒத்திகை. டீச்சரம்மா பஸ் கம்பெனி மேனேஜராக உட்கார்ந்தார். பஸ் தாமதமானதற்கு நான் கோபமாகப் புகார் சொல்ல வேண்டும்.

“குட் மார்னிங் சார், சாப்பிட்டீர்களா?” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

“ஏனுங்கய்யா, சண்டைக்குப் போறவரு சாப்டாச்சான்னு கேப்பாருங்களா?” என்று பூஜ்யம் போட்டுவிட்டார்.

“கேக்காம எப்படிங்க அம்மணி வாயைத் தொறக்கறது?” என்றேன். மார்க் மாறவில்லை.

திரும்பும்போது இருவருக்கும் ஒரே பஸ். கிணத்துக்கடவில் அது நின்றுபோனது. ஒரு மணி நேரமாகியும் அசையவில்லை. டீச்சரம்மா கொதித்துப்போய்க் கண்டக்டரிடம் இறங்கிப் போனார். எப்படித் திட்டுவது என்று கற்றுக்கொள்ள நானும் பின்னால் போனேன்.

“ஏனுங்கண்ணா, டீ கீ குடிச்சீங்களா?” என்று ஆரம்பித்தார்.

அங்கேயே என் மார்க்கைத் திருப்பிக் கேட்டேன். “அது தமிழுங்கய்யா” என்கிறார். கண்டக்டருக்குத் தமிழில் பசிக்கும், மேனேஜருக்கு ஆங்கிலத்தில் பசிக்காதா?

நிஜத் தேர்விலும் முதலில் அதைத்தான் கேட்பேன். தேர்வு எடுப்பவர் இன்னும் சாப்பிடவில்லை என்றால் ஆங்கிலத்தில் அடுத்து என்ன சொல்வது? தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.