ஐந்து வரிசைக்கு வெயில்

இலுப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், மீனம்மாள் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு தம்ளர் காப்பியை முழுசாகக் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. பாதியில் எங்கேயாவது வைத்துவிட்டு மல்லித் தோட்டத்துக்குள் போய்விடுவாள். ஐம்பது வயதிலும் காலில் சக்கரம். நான்கு வருடத்துக்கு முன்னால் தங்கச்சிமடத்திலிருந்து பதியன் வாங்கி வந்து பன்னிரண்டு வரிசை நட்டாளே, அன்றைக்குப் பிடித்த ஓட்டம் அது.

ஏழு வரிசை வெயிலைக் குடித்துப் பூவாகக் கொட்டியது. மீதி ஐந்து வரிசை கிழக்கு வேலியோரம், முனி குடியிருக்கும் புளியமரத்தின் நிழலில் மாட்டிக்கொண்டது. காலை பதினோரு மணிவரை அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. செடி மதமதவென்று இலைவிட்டு நீண்டது, மொட்டுதான் இல்லை. தப்பு அவளுடையதுதான். அவசரக்காரி, உச்சிவெயிலில் போய் நின்று இடம் பார்த்தாள். அந்த நேரத்தில் எந்த இடத்தில்தான் வெயில் இல்லை?

உரம் மாற்றினாள், மருந்து அடித்தாள், பக்கத்தில் நின்று திட்டியும் பார்த்தாள். "வெயில் இல்லாம மல்லி பூக்காதும்மா. இந்தக் கவாத்தோட பிடுங்கிட்டு வேற எதாச்சும் வைங்க" என்று வேளாண்மை அலுவலகத்துக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருநூறு செடி. கிணறு வற்றிய கோடையில் குடம் குடமாக இடுப்பில் சுமந்து ஊற்றிக் காப்பாற்றியவை. கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

வழி இரண்டுதான். கிணற்றுமேட்டுக் கொல்லையில் நாள் முழுக்க வெயில் அடிக்கும். ஆனால் அங்கே அவள் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி தன் இரண்டு மாட்டுக்கும் தட்டைச்சோளம் போட்டிருந்தார். "அதுல மட்டும் கை வைக்காத" என்று இரண்டு வருடமாக ஒரே பதில். இல்லையென்றால், தோட்டத்துப் பக்கம் சாய்ந்திருக்கும் இரண்டு புளியங்கிளையை வெட்ட வேண்டும். மரம் பங்காளிகளுக்குப் பொது என்பதால், அவர்களில் மூத்தவரான நல்லதம்பி ஒத்துக்கொள்ள வேண்டும்.

"முனி உத்தரவு இல்லாம ஒரு எலையத் தொடக்கூடாதுத்தா. பூக்கட்டிக் கேட்டுருவோம்" என்றார் அவர்.

பூக்கட்டிக் கேட்பது என்றால் இரண்டு பொட்டலம். ஒன்றில் மல்லி, ஒன்றில் செவ்வரளி. பூவரச இலையில் சுற்றி, நாரால் கட்டி, மரத்தடியில் நட்டிருக்கும் முனியின் சூலத்தடியில் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அது அங்கேயே கிடந்து காயும்.

பூக்காரி வீட்டில் இருக்கும்போது வேறு யார் கட்டுவது? விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு மீனம்மாள் முதல் பொட்டலத்தில் மல்லியை வைத்துக் கட்டினாள். அடுத்து அரளி பறிக்க வேண்டும். எழுந்தாள், நின்றாள், திரும்ப உட்கார்ந்தாள். இரண்டாவது பொட்டலத்துக்கும் கை மல்லிக்கே போனது. "முனியய்யா, மன்னிச்சுக்க. இந்த ஒரு தடவதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போட்டாள்.

மரத்தடிக்குப் போன பிறகுதான் சூடம் எடுத்துவரவில்லை என்று தெரிந்தது. "இதைப் பிடிங்க" என்று பொட்டலங்கள் இருந்த தட்டைப் புருஷன் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வருவதற்குள் பங்காளிகள் கூடிவிட்டார்கள். சூடம் ஏற்றினாள். நல்லதம்பியின் பேத்தி ஹரிணி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தது. நல்லதம்பி நாரை உருவி எறிந்து இலையை விரித்தார்.

சிவப்பு. ரத்தச் சிவப்பில் நான்கு அரளி.

"உத்தரவு இல்ல. விட்டுருத்தா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

மீனம்மாள் குனிந்து அந்த அரளியையே பார்த்தாள். அவள் கட்டியது இரண்டும் மல்லி. அரளி எங்கிருந்து வந்தது? முனியே மாற்றிவிட்டதா? வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. 'நான் ரெண்டுலயும் மல்லிதானே வச்சேன்' என்று எந்த முகத்தோடு கேட்பது?

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து இன்னொரு பக்கம் கட்டினாள். மூன்று மணிக்கு மேல் தாங்காமல் மரத்தடிக்கே வந்து, பிரிக்கக் கூடாத அந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள். மல்லி. அவள் வைத்த அதே மல்லி. அரளி கட்டியிருந்த நார் பக்கத்தில் முடிச்சு அவிழாமல் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். மாட்டுக் கயிற்றுக்குப் போடும் இரட்டை முடிச்சு. முப்பது வருடமாக அவள் பார்த்துவரும் முடிச்சு.

பயம் போன இடத்தில் கோபம் ஏறியது. நாரைக் கையில் பிடித்தபடி கிணற்றுமேட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். அங்கே தட்டைச்சோளம் பாதிக்கு மேல் அறுபட்டுக் கிடந்தது. வெள்ளைச்சாமி கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே மாத்துனது?"

"ஆமா. காலையில பாத்தேன், அரளிச் செடியில ஒரு பூக் கொறையல. ரெண்டுலயும் மல்லிய வச்சா அது கேக்குறதா மீனா? நீ சூடத்துக்கு ஓடுனப்ப, மத்தவுக வர்றதுக்கு முன்னால, முனி மாலையிலேருந்து நாலு அரளிய உருவி ஒண்ணுல மட்டும் வச்சேன். மல்லி வந்திருந்தா நானே அருவாளோட ஏறியிருப்பேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அம்புட்டுப் பேரு முன்னாலயும் ஒன்னயத் தலைகுனிய வைக்கச் சொல்றியா?"

அறுபட்டுக் கிடந்த சோளத்தைக் காட்டி, "மாட்டுக்கு?" என்றாள்.

"வைக்கோல் வாங்கிக்கிருவோம். கவாத்து முடிஞ்ச கையோட, வேர்மண்ணு ஒதிராம பேத்தாந்து நடு. இருநூறுல ஒரு நூறு பொழைக்காதா?"

மீனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு குழிக்கு இடையில் காலால் அளந்து பார்த்தாள். "இம்புட்டு நெருக்கமாவா போடுவாக? நகருங்க அங்கிட்டு" என்று கடப்பாரையைப் பிடுங்கினாள்.

பொழுது மேற்கே சாய்ந்த பிறகும் கொல்லை முழுக்க வெயில் அடித்தது. அங்கே நிழல் என்று விழுந்தது அவர்கள் இரண்டு பேருடையது மட்டும்தான்.