தொட்டில் கொக்கி இல்லாத வீடு

ரத்தினவேலுக்கு வேலையாட்களோடு ஒத்துப்போகாது. ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் அவர் வீடு கட்டியபோது தச்சர், பெயிண்டர், குழாய் வேலை பார்ப்பவர் என்று ஒவ்வொருவராகக் கோபித்துக்கொண்டு போனார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர் கொத்தனார் வீரமலை மட்டும்தான். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மற்றபடி ரத்தினவேல் கெட்டவரல்ல. திருச்சியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். காலையில் பாலம் தாண்டிப் போவார், சாயங்காலம் பாலம் தாண்டி வருவார். பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் மழை, வெயில், அலுவலகம் எதைப் பற்றிப் பேசினாலும் அதில் நான் சொன்னது தப்பு என்று முடிப்பார். பழகிவிட்டது.

எழுபத்தைந்தில் அந்த வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் தளம் போடும்போது கொத்தனார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ஃபேனுக்குக் கொக்கி எங்கே, தொட்டிலுக்குக் கொக்கி எங்கே? வீட்டில் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்ப்பதில்லை. கான்கிரீட் இறுகிவிட்டால் அப்புறம் போடுவது பெரும்பாடு என்பதால், கம்பியை வளைத்து எல்லா வீட்டிலும் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். அன்று ரத்தினவேலுக்கும் சந்திரம்மாளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

"தொட்டில் கொக்கி எந்த ரூம்ல போடட்டுங்க?" என்று சாரத்தின் மேலிருந்து வீரமலை கேட்டார்.

"ஃபேன் கொக்கி மட்டும் போடுங்க, போதும்."

"என்னங்க?"

காது மந்தமானவருக்கு எப்படிச் சொல்வது? ரத்தினவேல் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "தொட்டில் கொக்கி வேணாம்! இந்த வீட்டுக்கு அது தேவைப்படாது!"

சந்திரம்மாள் அடுத்த மனையில் கொட்டகை போட்டு ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். டீயை ஆற்றி, தம்ளர்களில் ஊற்றி, எல்லோருக்கும் கொடுத்தாள். அடுத்த வாரம் சமயபுரம் போய்க் கோயில் மரத்தில் ஒரு சின்ன மரத்தொட்டில் கட்டிவிட்டு வந்தாள். அது என் மனைவிக்குத் தெரியும், ரத்தினவேலுக்குத் தெரியாது.

வேலையாட்கள் யாரும் அந்த வீட்டுப் படி ஏறாததால் ரத்தினவேல் தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கினார். எண்பத்திரண்டில் தில்லைநகர்ப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். பருப்பும் சோப்பும் வாங்கப் போனவர், பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த டிரில்லிங் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் டை கட்டிய ஒரு ஆள் சிரித்தபடி சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். டை கட்டிக்கொண்டு எவன் சுவரில் துளை போடுவான் என்று கேட்டேன். நான் கேட்டது தப்பு என்றார்.

மெஷினைச் சும்மா குறை சொல்லக் கூடாது. பலகை என்றால் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். பூசிய செங்கல் சுவரிலும் பரவாயில்லை. துண்டு போடும் கம்பி, காலண்டர் ஆணி, சாமிப் படம், எல்லாம் அந்த மெஷின் மாட்டியவைதான். ஆனால் பத்து நிமிஷம் ஓடினால் உடம்பு கொதிக்கும். ரப்பர் கருகும் வாடை எங்கள் வீட்டுக்கு வரும். உடனே அதை நிறுத்தி, ஜன்னலோரம் காற்றாட வைத்துவிட்டுக் காத்திருப்பார். துளை போடும் ஊசியைப் பிடிக்கும் வாய் சீக்கிரமே தளர்ந்துபோனது. பாதித் துளையில் ஊசி நின்றுவிடும், மெஷின் மட்டும் சுற்றும். துளை கோணலாகப் போனால் சுவர் சரியில்லை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "மெஷின் எப்படி சார்?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஃபர்ஸ்ட் கிளாஸ்." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எண்பத்து மூன்றின் கடைசியில் சந்திரம்மாள் உண்டானாள்.

தெருவே வாயடைத்துப் போயிற்று. முப்பத்தைந்து வயதுக்கு மேல் முதல் பிள்ளை என்றால் அந்த நாளில் கேலி பண்ணவும் ஆள் இருந்தது, பயப்படவும் ஆள் இருந்தது. ரத்தினவேல் இரண்டும் செய்யவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்க்கத் தொடங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை மேலே போய்விடும். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரசவத்துக்காகச் சந்திரம்மாள் துறையூரில் அக்கா பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனதும் நானே பேச்செடுத்தேன்.

"கம்பி ஸ்டாண்டுத் தொட்டில் ஒண்ணு வாங்கிப் போடுங்க சார். காந்தி மார்க்கெட் பக்கம் கிடைக்குது."

"வேணாம்."

"அப்ப ஃபேனைக் கழட்டிட்டு அந்தக் கொக்கியில மாட்டுங்க."

"வெயில் காலத்துல பிள்ளை வேகுறதுக்கா?"

"வீரமலையைக் கூப்பிட்டா, தளத்தைக் கொத்திக் கம்பியில வளையம் மாட்டிக் கொடுப்பாருல்ல?"

வேண்டாம் என்று கத்தியது அவர் வாய். வேண்டும் என்று அதே வீரமலையிடம் போய்க் கேட்க அந்த வாய் வரவில்லை. அதைவிட முக்கியம், சந்திரம்மாள் திரும்பி வந்து அண்ணாந்து பார்க்கும்போது அங்கே ஒரு கொக்கி இருக்க வேண்டும், அது தன் கையால் போட்டதாக இருக்க வேண்டும். அவர் இதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவனுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

ஸ்டூலின் மேல் ஏறி நின்று தலைக்கு மேலே துளை போட ஆரம்பித்தார். செங்கல் வேறு, கான்கிரீட் வேறு. ஜல்லியில் பட்டதும் ஊசி சிவந்தது. இரும்புக் கம்பியில் பட்டதும் முனை மழுங்கியது. இடத்தை மாற்றினார், அங்கேயும் கம்பி. கண்ணிலும் மூக்கிலும் சிமெண்டுத் தூள். அலுவலகம் விட்டு வந்ததும் ஏறுவார், விளக்கு வைத்த பிறகு இறங்குவார். மெஷின் சூடாகி நிற்பதும், ஆறவைப்பதும், மறுபடி ஓட்டுவதுமாகப் பங்குனி மாதம் போயிற்று. நான்காவது துளை பாதி இறங்கியபோது பட்டென்று ஒரு சத்தம், புகை, வீட்டில் ஃபியூஸ் போயிற்று. மெஷின் அதோடு சரி. கடையில் கொண்டுபோய்க் கேட்டதற்கு, இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் என்றார்களாம். வீட்டைத் தவிர வேறெங்கே உபயோகித்தேன் என்று அவரும் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

துளைகளில் மரக்கட்டை அடித்து, கொக்கி வைத்த இரும்புத் தகட்டைத் திருகாணியால் இறுக்கினார். மூன்று திருகாணி முழுசாக இறங்கின, நான்காவது பாதியில் நின்றது. அதில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யானையைக் கட்டினாலும் தாங்கும்" என்றார்.

பெண் குழந்தை. ஆடி முடிந்து நல்ல நாள் பார்த்துத் துறையூரிலிருந்து அழைத்து வந்தார்கள். சந்திரம்மாள் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள். சுற்றிலும் பாதியில் விட்ட துளைகள், கரி படிந்த தளம், நடுவே கொக்கி. அவரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் கல்யாணப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். பொன்னுத்தாய் அதைத் தூளியாகக் கட்டி, வழக்கப்படி முதலில் அம்மிக் குழவியைக் கிடத்தி ஆட்டினாள். கொக்கி அசையவில்லை. குழவியை எடுத்துவிட்டுக் குழந்தையைப் போட்டார்கள். என் மனைவியும் மற்றப் பெண்களும் பாட்டுப் பாடிச் சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சந்திரம்மாளே பின்னால் என் மனைவியிடம் சொன்னாள்.

பொன்னுத்தாய் துறையூர் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் சந்திரம்மாள் அடுக்களைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால், ரத்தினவேல் தூளிக்குக் கீழே குனிந்து இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஆபீஸ் போகலையா?"

"லீவு."

"உக்காரலாம்ல?"

"பரவாயில்லை."

சோறு வடித்து இறக்கிவிட்டு வந்தாள். அவர் அப்படியேதான் நின்றார். முதுகு வலித்திருக்க வேண்டும், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை மட்டும் நீட்டியிருந்தார்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. இந்தக் கொக்கி தாங்குமா, தாங்காதா?"

அவர் மேலே பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"தெரியலை சந்திரா."

அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்தாள்.

"உக்காருங்க. காலை நீட்டுங்க."

"எனக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியாது."

"நான் இருக்கேன்ல."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள். அது விழிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர், "அன்னைக்கு வீரமலைகிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

சந்திரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னீங்க. நான் மட்டும் என்ன பண்ணேன்? டீயைக் கீழே வெச்சிட்டு வந்து, நீங்க போடுங்க வீரமலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. கோயில் மரத்துல போய்த் தொட்டில் கட்டினேன், ஆனா பிறக்கும்னு நானும் நம்பலைங்க."

ரத்தினவேல் அழுதார். குழந்தை எழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.