அண்ணனை வெளியேற்றிய தங்கை

போன வாரம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசா தேநீர்க்கடை. பக்கத்து மேசையில் ஒருவர் உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். அரசாங்கமே சூதாட்ட மெஷினுக்கு லைசென்ஸ் கொடுக்கிறது, பிறகு அதில் என்ன சட்டம், என்ன ஒழுங்கு? எல்லாம் வெறும் கண்துடைப்பு என்பது அவர் கட்சி.

எனக்கு எதிரே இருந்தவள் சிநேகிதி வதனி. குதிரைப் பந்தயத் திடலோடு சேர்ந்த ஸ்லொட் மெஷின் கூடத்தில் வேலை செய்பவள் அவள். அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் மாகாணத்தின் அனுமதி வேண்டும். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வதனிக்கும் லைசென்ஸ் வேண்டும். சும்மா கழுத்தில் தொங்கும் அட்டை இல்லை அது.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து போனபிறகு எனக்கு மட்டும் சொன்னாள்.

அவளுடைய அண்ணன் — பெயர் வேண்டாமே — பக்கத்து மார்க்கம் நகரில் வீடுகளுக்கு பேஸ்மென்ட் கட்டிக் கொடுப்பவர். கெட்டிக்காரர். குதிரை பார்க்கப் போனவர், மெஷினில் மாட்டிக்கொண்டார்... மகளின் பிறந்தநாளன்றும் வீடு அவரைத் தேடியது. அந்த வெட்கத்தில், இனி என்னை உள்ளே விடாதீர்கள் என்று தானே போய்க் கையெழுத்துப் போட்டார். அப்படி ஓர் ஏற்பாடு இங்கே உண்டு. நாம் கேட்கும் காலம்வரை தடை; படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு உள்ளே கண்டால் வெளியேற்றுவார்கள். கண்ட ஊழியர் சொல்லியே ஆகவேண்டும்.

சில மாதங்கள் ஒழுங்காக இருந்தார். பிறகு ஒரு மத்தியானம்... கடைசி வரிசையில், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர். முதுகைப் பார்த்தே வதனிக்கு விளங்கிவிட்டது.

கிட்டப் போனாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

“நீ என்னைக் காணேல்லை எண்டு நினை.”

“கண்டிட்டன் அண்ணா.”

வோக்கி டோக்கியை எடுத்தாள். செக்கியூரிட்டிக்காரர்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். வதனி முகத்தைக் கழுவிவிட்டு வந்து ஷிப்டை முடித்தாள்.

குடும்பம் சும்மா விடுமா? கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். அண்ணனின் மனைவிகூட, காதுக்குள் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

நானும் அதைத்தான் கேட்டேன். ஏன் சத்தமில்லாமல் அனுப்பவில்லை?

“நான் ஒளிச்சு அனுப்பினால், நான் லீவில நிக்கிற நாள் பாத்து வருவார். இப்ப அங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும்,” என்றாள்.

லைசென்ஸ் போய்விடுமே என்ற பயம்? அதுவும் இருந்ததாம். ஆனால் அது இரண்டாவது பயம்.

சட்டம் அடுத்த வீட்டுக்காரர் மேல் பாயும்போது நாம் கைதட்டுவோம். நம் வீட்டு ஆள் என்றால் மட்டும், கொஞ்சம் கண்ணை மூடினால் என்ன என்று தோன்றும். அப்படி ஆளாளுக்கு மூடும்போதுதான் சட்டம் கண்துடைப்பாகிறது. லைசென்ஸ் கொடுப்பதால் அல்ல.

அண்ணன் நெடுநாள் பேசவில்லை. கவுன்சிலிங் போகிறார் என்று மட்டும் காதில் விழுந்தது. போன மாதம், தடைக்காலம் முடியும் தறுவாயில், அவரே வதனியைப் போனில் அழைத்தார்.

“திரும்பக் கையெழுத்துப் போடோணும். தனியப் போனால் கால் மெஷின் பக்கம் இழுக்கும். நீ நிக்கிற நேரம் சொல்லு, வாறன்.”

வந்தார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார்களாம். இருப்பதிலேயே நீளமானதைப் போடச் சொன்னாராம். கையெழுத்துப் போட்டதும் அவருக்கு அங்கே நிற்க அனுமதியில்லை அல்லவா? வதனிதான் வாசல் வரை கொண்டுபோய் விட்டாள்.

வாசலில் அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: “இனி இஞ்ச என்னைக் கண்டால், யோசிக்காமல் ஆளைக் கூப்பிடு.”

மாகாணம் கொடுத்ததைவிட இது பெரிய லைசென்ஸ் இல்லையா?